பார்வையாளர் விளைவு

பார்வையாளர் விளைவு என்பது, ஆபத்தில் சிக்கிய ஒருவரைச் சுற்றிப் பலர் இருக்கும்பொழுது, அவர்களுள் ஒவ்வொருவரும் உதவ முன்வரும் வாய்ப்புக் குறைந்துபோகும் நிலையைக் குறிக்கும் சமூக உளவியல் கருத்துரு ஆகும். பேச்சு வழக்கில் இது "வேடிக்கை பார்த்தல்" எனப்படுகிறது. தனியாக இருந்திருந்தால் உடனே உதவியிருக்கக்கூடிய ஒருவர், கூட்டத்தில் ஒருவராக நிற்கையில் தயங்குவது ஏன் என்பதே இக்கருத்துரு விளக்க முற்படும் கேள்வி. 1968 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க உளவியலாளர்களான ஜான் டார்லி, பிப் லத்தானே ஆகியோர் நடத்திய சோதனைகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டன.

இந்தியாவில் இச்சிக்கல் பெரும்பாலும் சாலை விபத்துகளுடன் தொடர்புடையதாகப் பேசப்படுகிறது. இங்கு உதவாமைக்கு உளவியல் காரணங்களுடன் காவல்துறை விசாரணை, நீதிமன்ற அலைச்சல், மருத்துவமனைச் செலவு ஆகியவை பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இவ்வச்சத்தை நீக்கும் பொருட்டு 2016 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2019 இல் சட்டத் திருத்தமும் வந்துள்ளன.

கருத்துருவின் தோற்றம்

மார்ச் 13, 1964 அன்று அதிகாலை, நியூயார்க் நகரின் குயீன்சு பகுதியில் கிட்டி செனோவீசு என்னும் 28 வயதுப் பெண் பணி முடிந்து வீடு திரும்பும்பொழுது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரு வாரங்கள் கழித்து நியூயார்க் டைம்சு நாளிதழ், அக்கொலையை முப்பத்தேழு பேர் பார்த்தும் காவல்துறையை அழைக்கவில்லை என்று முதற்பக்கச் செய்தி வெளியிட்டது. பின்னர் இவ்வெண்ணிக்கை முப்பத்தெட்டு எனப் பரவியது. மாநகர வாழ்க்கை மனிதரைக் கல்நெஞ்சராக்கிவிட்டது என்பதற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது.

இச்செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. தாக்குதல் இரு கட்டங்களாக நடந்தது. முதல் தாக்குதலின்போது ஒருவர் சன்னலில் இருந்து உரக்கக் கத்தியதால் கொலையாளி விலகிச் சென்றான். அவன் திரும்பி வந்து நடத்திய இரண்டாவது தாக்குதல், கட்டடத்தின் பின்புறம் உள்ள வாயிலின் உட்பகுதியில் நிகழ்ந்தது. அது பெரும்பாலான குடியிருப்பாளர்களின் கண்ணுக்குத் தென்படாத இடம். செய்தியறிந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து, உயிர் பிரியும் நிலையில் இருந்த அப்பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டுப் பேர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதற்குச் சான்று இல்லை என 2007 இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. தன் பழைய செய்தி குறைபாடுடையது என்பதை நியூயார்க் டைம்சு நாளிதழும் 2016 இல் ஏற்றுக்கொண்டது.

எனினும் அச்செய்தி எழுப்பிய கேள்வி பயனுள்ள ஆய்வுகளுக்கு வழிவகுத்தது. பார்த்தவர்களின் மனம் கல்லாகிவிட்டது என்னும் விளக்கத்தை டார்லியும் லத்தானேயும் ஏற்கவில்லை. பலர் இருந்தும் ஒருவரும் உதவவில்லை என்பதற்கு மாறாக, பலர் இருந்ததாலேயே ஒருவரும் உதவவில்லையோ என்று அவர்கள் கேட்டனர்.

முக்கியச் சோதனைகள்

வலிப்புச் சோதனை

1968 இல் வெளியான இச்சோதனையில் மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்த்தப்பட்டு, ஒலிபெருக்கிக் கருவி வழியாக உரையாடினர். உரையாடலின் நடுவே ஒருவருக்கு வலிப்பு ஏற்பட்டு அவர் உதவி கேட்டுத் திணறும் குரல் கேட்கும். இக்குரல் முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒன்று. தானும் நோயாளியும் மட்டுமே உரையாடலில் இருப்பதாக எண்ணியவர்களுள் 85 விழுக்காட்டினர், வலிப்பு ஓயும் முன்னரே எழுந்து சென்று தகவல் தந்தனர். தம்மைத் தவிர இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியோரில் இது 62 விழுக்காடாகவும், மேலும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியோரில் 31 விழுக்காடாகவும் குறைந்தது.

இச்சோதனையில் இரு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, எழுந்து செல்லாதவர்கள் அக்கறையற்று இருக்கவில்லை. ஆய்வாளர் அறைக்குள் வந்தபொழுது அவர்களுள் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்ற வகையில் அவர்களே கேட்டனர். உதவ வேண்டாம் என அவர்கள் முடிவெடுக்கவில்லை, முடிவெடுக்க இயலாமல் தவித்தனர். இரண்டாவது, முதல் மூன்று நிமிடங்களுக்குள் எழாதவர் எவரும் அதன் பின்னரும் எழவில்லை. தயக்கம் நீள நீள அதுவே முடிவாகிவிடுகிறது.

புகைச் சோதனை

அதே ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில், ஓர் அறையில் வினாத்தாளை நிரப்பிக்கொண்டிருந்த மாணவர்கள் முன் சுவரின் துளை வழியாகப் புகை செலுத்தப்பட்டது. தனியாக இருந்தவர்களுள் 75 விழுக்காட்டினர் வெளியே சென்று தெரிவித்தனர். புகையைக் கண்டும் காணாததுபோல் நடிக்கும் இருவருடன் அமர்த்தப்பட்டோரில் 10 விழுக்காட்டினரே தெரிவித்தனர். ஏற்பாடு ஏதும் அறியாத மூவர் ஒன்றாக இருந்த குழுக்களில் 38 விழுக்காட்டுக் குழுக்களில் மட்டுமே யாரேனும் ஒருவர் எழுந்தார்.

இங்கு ஆபத்து பிறருக்கு மட்டுமன்றிப் பார்ப்பவருக்கும் உரியதாக இருந்தது. ஆகவே தன்னலம் என்ற ஒரே காரணத்தால் உதவாமையை விளக்க முடியாது என்பதை இச்சோதனை காட்டியது.

இறையியல் மாணவர் சோதனை

1973 இல் வெளியான ஆய்வில் டார்லியும் டேனியல் பேட்சனும், பிரின்சுடன் இறையியல் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தனர். உரையாற்றுவதற்காக வேறொரு கட்டடத்திற்குச் செல்லும் மாணவரின் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடப்பார். நேரம் மிகுதியாக இருந்தவர்களுள் 63 விழுக்காட்டினரும், ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களுள் 45 விழுக்காட்டினரும், மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களுள் 10 விழுக்காட்டினரும் உதவினர். வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியர் பற்றிய விவிலியக் கதையைக் குறித்துப் பேசச் சென்றவர்களுள் சிலரும் கடந்து சென்றனர். ஒருவரின் நற்பண்பைக் காட்டிலும் அவர் இருக்கும் சூழ்நிலை கூடுதலாகப் பாதிக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஐந்து படிநிலைகள்

ஒருவர் உதவுவதற்கு முன் ஐந்து படிகளைக் கடக்க வேண்டும் என லத்தானேயும் டார்லியும் 1970 இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினர். ஏதேனும் ஒரு படியில் தடைபட்டாலும் உதவி கிடைக்காது. பண்ருட்டியில் இருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் எனக் கொண்டு இப்படிகளைப் பின்வருமாறு விளக்கலாம்.

1. கவனித்தல்: வண்டியில் செல்பவர் விழுந்து கிடப்பவரைக் காண வேண்டும். வேகம், அவசரம், இருட்டு, கைப்பேசி ஆகியவை இதற்குத் தடை.
2. ஆபத்து என உணர்தல்: கிடப்பவர் அடிபட்டவரா, மது அருந்தி உறங்குபவரா, களைப்பால் படுத்தவரா என்பது தெளிவாக வேண்டும்.
3. பொறுப்பை ஏற்றல்: "இது என் வேலை" என்று எண்ண வேண்டும். முன்னே சென்ற வண்டிக்காரர் இந்நேரம் அழைத்திருப்பார் என்ற எண்ணம் இதற்குத் தடை.
4. வழி அறிதல்: எந்த எண்ணை அழைப்பது, தூக்கலாமா கூடாதா, எந்த மருத்துவமனை அருகில் உள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும்.
5. செயல்படுதல்: காவல்துறை விசாரணை, செலவு, பழி, நேரம் ஆகியவை பற்றிய அச்சத்தை மீறி இறங்க வேண்டும்.

முதல் மூன்று படிகளில் ஏற்படும் தடைகள் எல்லா நாட்டினருக்கும் பொதுவானவை. நான்காவது படி கல்வியையும் பயிற்சியையும் சார்ந்தது. ஐந்தாவது படியே நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. அது சட்டத்தையும் நிறுவனங்களையும் சார்ந்தது.

காரணங்கள்

பொறுப்பு சிதறல்

ஒருவர் மட்டும் இருக்கும்பொழுது முழுப் பொறுப்பும் அவருடையது. உதவாவிட்டால் பழியும் அவருக்கே. பத்துப் பேர் இருக்கும்பொழுது பொறுப்பும் பழியும் பத்தாகப் பிரிந்துவிடுவதாக ஒவ்வொருவரும் உணர்கின்றனர். வலிப்புச் சோதனையில் செயற்பட்டது இக்காரணமே.

பலர் அறியாமை

என்ன நடக்கிறது என்பது தெளிவாக இல்லாதபொழுது மனிதர் பிறர் முகத்தைப் பார்க்கின்றனர். பதற்றத்தை வெளிக்காட்டக் கூடாது என்று ஒவ்வொருவரும் அமைதியாக நிற்கின்றனர். அந்த அமைதியைக் கண்ட மற்றவர், பெரிதாக ஒன்றும் இல்லை போலும் என முடிவு செய்கின்றனர். இவ்வாறு தனித்தனியே கவலைப்படும் பலர் சேர்ந்து, கவலையற்ற ஒரு கூட்டமாகத் தோற்றமளிக்கின்றனர். புகைச் சோதனையில் செயற்பட்டது இது.

மதிப்பீட்டு அச்சம்

பலர் முன்னிலையில் தவறாகச் செய்துவிட்டால் நகைப்புக்கு இடமாகும், அல்லது பழி வரும் என்ற அச்சம் இது. குடும்பச் சண்டையில் தலையிட்டதாகச் சொல்லப்படுமோ, அடிபட்ட பெண்ணைத் தொட்டால் தவறாக எண்ணப்படுமோ என்பன போன்ற தயக்கங்கள் இதில் அடங்கும்.

தம்மவர், பிறர் என்ற பாகுபாடு

மனிதர் தம் குழுவினர் எனக் கருதுவோருக்கு எளிதில் உதவுகின்றனர். 2005 இல் வெளியான ஆய்வொன்றில் மார்க் லெவின் குழுவினர், மான்செசுடர் யுனைடெட் கால்பந்து அணியின் ஆதரவாளர்களைச் சோதித்தனர். தடுக்கி விழுந்தவர் தம் அணியின் சட்டையை அணிந்திருந்தபொழுது பெரும்பாலோர் உதவினர். எதிரணியான லிவர்பூலின் சட்டையையோ வெற்றுச் சட்டையையோ அணிந்திருந்தபொழுது சிலரே உதவினர். ஆனால், "நாம் அனைவரும் கால்பந்து விரும்பிகள்" என்ற எண்ணம் முதலில் ஊட்டப்பட்டபொழுது எதிரணிச் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. தம்மவர் என்ற எல்லை நிலையானது அன்று, அது விரிந்து சுருங்கக்கூடியது என்பதே இதன் பொருள். சாதி, சமயம், மொழி ஆகியவற்றால் பிரிந்துள்ள சமூகங்களுக்கு இம்முடிவு மிகவும் பொருந்தும்.

தமிழகத்திலும் இலங்கையிலும் நிகழ்ந்தவை

- சனவரி 7, 2010 அன்று திருநெல்வேலி மாவட்டம் ஆழ்வார்குறிச்சி அருகே காவல் உதவி ஆய்வாளர் ஒருவர் கும்பலால் வெட்டப்பட்டார். குருதி வழியச் சாலையில் கிடந்தபடி அவர் கையசைத்து உதவி கேட்டதும், அவ்வழியே வந்த அமைச்சர்களின் வாகன அணியைச் சேர்ந்தோர் அருகில் நின்றதும் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகி நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பின. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் உயிரிழந்தார். சட்டமும் அதிகாரமும் வாகனமும் கைவசம் உள்ளவர்களிடையேயும் தயக்கம் தோன்றக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.
- மார்ச் 13, 2016 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட இளம் இணையர் பட்டப்பகலில் வெட்டப்பட்டனர். கணவர் உயிரிழந்தார், மனைவி படுகாயங்களுடன் பிழைத்தார். சுற்றியிருந்தோர் விலகி நின்றது கண்காணிப்புப் படக்கருவியில் பதிவானது.
- சூன் 24, 2016 அன்று சென்னை நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் பயணிகள் முன்னிலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரது உடல் நெடுநேரம் நடைமேடையிலேயே கிடந்தது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டனம் தெரிவித்தது.
- அக்டோபர் 29, 2009 அன்று கொழும்பு பம்பலப்பிட்டிக் கடற்கரையில், மனநலம் குன்றிய தமிழ் இளைஞர் ஒருவர் தடிகளால் அடித்துக் கடலுக்குள் விரட்டப்பட்டு மூழ்கி இறந்தார். பெருங்கூட்டம் கரையில் நின்று பார்த்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இக்காட்சி இலங்கையில் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. தாக்கியவர்களுள் காவல்துறையினரும் இருந்தது கூட்டத்தின் தயக்கத்திற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

இந்நிகழ்வுகளை ஒரே வகையாகக் கொள்ளுதல் சரியன்று. அரிவாள் ஏந்திய கும்பலின் முன் வெறுங்கையுடன் பாயாமல் இருப்பதைப் பொறுப்பு சிதறல் என்று கூற இயலாது, அது இயல்பான உயிரச்சம். ஆனால் தாக்கியவர்கள் சென்ற பின்னும் அடிபட்டவர் தரையில் கிடக்க, எவரும் நெருங்காமல் நிற்பது வேறு. பார்வையாளர் விளைவு என்ற விளக்கம் பெரிதும் பொருந்துவது அந்த இரண்டாம் கட்டத்திற்கே.

இதற்கு மாறான நிகழ்வுகளும் உண்டு. டிசம்பர் 26, 2004 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியபொழுது, பரங்கிப்பேட்டை முசுலிம் சமாத்தினர் அண்டை மீனவக் கிராமத்து மக்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்ததுடன், இறந்தோரை அடக்கம் செய்வதிலும் உதவினர். இங்கு உதவியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாத கூட்டமாக இல்லை. யார் எதைச் செய்வது என்பதைப் பிரித்துக் கொடுக்கக்கூடிய ஓர் அமைப்பாக இருந்தனர். ஆகவே பொறுப்பு சிதறவில்லை, பகிரப்பட்டது.

சாலை விபத்துகள்

2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகம் 64,105 விபத்துகளுடன் முதலிடத்திலும், 17,884 உயிரிழப்புகளுடன் இறப்பு எண்ணிக்கையில் இரண்டாம் இடத்திலும் இருந்தது. விபத்துக்குப் பிந்திய முதல் ஒரு மணி நேரம் "பொன்னான நேரம்" எனப்படுகிறது. குருதிப்போக்கு, மூச்சுத் தடை ஆகியவற்றால் ஏற்படும் இறப்புகளுள் பலவற்றை இந்நேரத்தில் தடுக்க முடியும்.

கடலூர் மாவட்டத்தில் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு ஆகிய ஊர்கள் வழியே செல்கிறது. பண்ருட்டியின் பலா, முந்திரி ஏற்றிய சரக்குந்துகளும், நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையங்கள் சார்ந்த கனரக வண்டிகளும், தொழிலாளர்களின் இருசக்கர வண்டிகளும் ஒரே சாலையைப் பயன்படுத்துகின்றன. பண்ருட்டியில் அரசு மருத்துவமனையும், நெய்வேலி நகரியத்தில் நிறுவனத்தின் பொது மருத்துவமனையும் உள்ளன. கடுமையான காயங்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி சிப்மருக்கோ கொண்டு செல்ல வேண்டியிருக்கும். ஆகவே சாலையோரத்தில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் இப்பயண நேரத்துடன் கூடிவிடுகிறது. முதலில் காண்பவர் எவ்வளவு விரைவில் அழைக்கிறார் என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

சூன் 19, 2023 அன்று பண்ருட்டி – கடலூர் சாலையில் மேல்பட்டாம்பாக்கம் அருகே இரு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதியதில் பலர் உயிரிழந்தனர், எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அப்பகுதி மக்கள் மீட்புப் பணியில் இறங்கினர். பெருவிபத்துகளில் ஆபத்து ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகத் தெரிவதால் மக்கள் தயங்குவதில்லை. ஒற்றை ஆளாக ஓரத்தில் விழுந்து கிடப்பவரே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறார்.

இந்தியாவில் உதவுவோருக்கான சட்டப் பாதுகாப்பு

விபத்தில் காயமுற்றவரைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் மறுப்பதும், "இது காவல்துறை வழக்கு" எனக் கூறி வேறிடத்திற்கு அனுப்புவதும் முன்னர் வழக்கமாக இருந்தன. இவ்வாறு அலைக்கழிக்கப்பட்டு இறந்த ஒருவரைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியை அடிப்படையாகக் கொண்ட பரமானந்து கட்டாரா வழக்கில், 1989 இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை என்றும், சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

எனினும் கொண்டுவந்து சேர்ப்பவரின் சிக்கல் தொடர்ந்தது. 2007 இல் விபத்தில் சிக்கிய தன் உறவினர் உரிய உதவியின்றி இறந்ததைத் தொடர்ந்து பியூசு திவாரி, சேவ்லைஃப் அறக்கட்டளையை 2008 இல் தொடங்கினார். இவ்வமைப்பு 2013 இல் நடத்திய கருத்தாய்வில் 74 விழுக்காட்டினர் விபத்தில் சிக்கியவருக்கு உதவ முன்வர வாய்ப்பில்லை எனத் தெரிவித்தனர். அவர்களுள் 88 விழுக்காட்டினர் கூறிய காரணம், காவல்துறை விசாரணை உள்ளிட்ட சட்டச் சிக்கல்கள் பற்றிய அச்சம். இவ்வமைப்பு தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2015 மே மாதம் நடுவண் அரசு வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. மார்ச் 30, 2016 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் ஆணையாக்கியது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் மூலம் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, அதற்கான விதிகள் 2020 செப்டம்பரில் வெளியாயின. சட்டத்தில் இவ்வாறு உதவுபவர் "நல்ல சமாரியர்" எனப்படுகிறார்.

இவற்றின் முதன்மைக் கூறுகள்:

- நல்லெண்ணத்துடன் உதவும்பொழுது தவறு நேர்ந்து, காயமோ இறப்போ ஏற்பட்டாலும் உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க இயலாது.
- பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கூறுமாறு உதவியவரைக் காவலர் கட்டாயப்படுத்தக் கூடாது.
- சேர்க்கைக் கட்டணத்தையோ முன்பணத்தையோ, உறவினர் அல்லாத அவரிடம் மருத்துவமனை கேட்கக் கூடாது.
- சாட்சியாக இருப்பது அவரது விருப்பம். அவர் இசைந்தால், அவருக்கு ஏற்ற இடத்தில், ஏற்ற நேரத்தில், ஒரே முறையில் விசாரணையை முடிக்க வேண்டும்.
- இவ்வுரிமைகளை மருத்துவமனைகள் நுழைவாயிலில் வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும்.

பொன்னான நேரத்துக்குள் காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்போருக்கு நடுவண் அரசு 2021 இல் 5,000 ரூபாய் பரிசுத் திட்டத்தை அறிவித்தது. 2025 இல் இத்தொகை 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

தமிழகத்தில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. டிசம்பர் 18, 2021 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. எனவே செலவு தன் தலையில் விழும் என்ற அச்சத்திற்கும் இங்கு இடமில்லை.

சட்டம் இருந்தும் அதை அறிந்தோர் குறைவு. 2018 இல் சேவ்லைஃப் வெளியிட்ட மற்றொரு கருத்தாய்வில் 84 விழுக்காட்டினர் இப்பாதுகாப்பு பற்றி அறிந்திருக்கவில்லை.

பிற நாடுகளில்

பிரான்சு, செருமனி முதலிய நாடுகளில், தனக்கு ஆபத்தின்றி உதவ முடிந்தும் உதவாதிருப்பது தண்டனைக்குரிய குற்றம். பிரான்சில் இதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். செருமனியில் ஓராண்டு வரை விதிக்கப்படலாம். இந்தியாவில் வழிப்போக்கருக்கு அத்தகைய பொதுக் கடமை இல்லை. ஆயினும் விபத்தில் தொடர்புடைய வண்டியின் ஓட்டுநர், காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது.

சீனாவில் 2006 இல் நான்சிங் நகரில் கீழே விழுந்த முதியவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரே அவளைத் தள்ளிவிட்டதாக வழக்குத் தொடுக்கப்பட்டு, இழப்பீடு தருமாறு ஆணையிடப்பட்டது. உதவினால் வம்பு வரும் என்ற எண்ணம் இதனால் பரவியது. 2011 இல் போசான் நகரில் வண்டி ஏறிக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பதினெட்டுப் பேர் கடந்து சென்றனர். அதன் பின் எழுந்த விவாதங்களைத் தொடர்ந்து, 2017 இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்ட விதிகளில் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

மறு ஆய்வும் விமர்சனமும்

பார்வையாளர் விளைவு என்பதைக் "கூட்டம் இருந்தால் உதவி கிடைக்காது" என எளிமைப்படுத்துவது தவறாகும். ஒவ்வொருவரும் உதவும் வாய்ப்பும், பாதிக்கப்பட்டவருக்கு யாரேனும் ஒருவரிடம் இருந்து உதவி கிடைக்கும் வாய்ப்பும் வெவ்வேறானவை. வலிப்புச் சோதனையின் எண்களையே எடுத்துக்கொள்ளலாம். ஐவர் இருந்து, ஒவ்வொருவரும் 31 விழுக்காடு வாய்ப்புடன் தனித்தனியே முடிவெடுத்தால், அவர்களுள் ஒருவரேனும் எழும் வாய்ப்பு ஏறத்தாழ 84 விழுக்காடு. இது தனியொருவர் உதவும் 85 விழுக்காட்டுக்குக் கிட்டத்தட்ட இணையானது. ஆனால் புகைச் சோதனையில் மூவரும் தனித்தனியே முடிவெடுத்திருந்தால் 98 விழுக்காட்டுக் குழுக்களில் யாரேனும் எழுந்திருக்க வேண்டும். எழுந்ததோ 38 விழுக்காட்டில் மட்டுமே. முன்னதில் ஒருவர் மற்றவரைப் பார்க்க முடியவில்லை, பின்னதில் பார்க்க முடிந்தது. ஆகவே எண்ணிக்கையைவிட, ஒருவர் அசையாமல் இருப்பதைப் பார்த்து மற்றவரும் அசையாதிருப்பதே பெருந்தீங்கு விளைவிக்கிறது.

நியூயார்க் சுரங்கத் தொடர்வண்டியில் நடத்தப்பட்டு 1969 இல் வெளியான ஆய்வில், கைத்தடியுடன் மயங்கி விழுந்தவருக்கு ஏறத்தாழ எல்லா முறையும் உதவி கிடைத்தது. குடித்தவர் போல் நடித்தவருக்குப் பாதி முறை கிடைத்தது. பெட்டியில் இருந்தோரின் எண்ணிக்கை உதவியைக் குறைக்கவில்லை. 2011 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆபத்து தெளிவாகவும் கடுமையாகவும் இருக்கும்பொழுது பார்வையாளர் விளைவு வலுக்குறைகிறது எனக் கண்டது. ஆம்சுடர்டாம், லங்காசுடர், கேப் டவுன் ஆகிய நகரங்களில் கண்காணிப்புப் படக்கருவிகளில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் குறைந்தது ஒருவரேனும் தலையிட்டிருந்தார். அருகில் இருந்தோர் கூடக்கூடத் தலையீடு நிகழும் வாய்ப்பும் கூடியது.

விளைவைக் கடக்கும் வழிகள்

பார்வையாளர் விளைவைப் பற்றி அறிந்திருப்பதே அதைக் குறைக்கிறது. 1978 இல் வெளியான ஆய்வொன்றில், இதைப் பற்றிய விரிவுரையைக் கேட்ட மாணவர்களுள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர், இரு வாரங்கள் கழித்து வேறொரு சூழலில் விழுந்து கிடந்தவருக்கு உதவ நின்றனர். விரிவுரையைக் கேளாதவர்களுள் 25 விழுக்காட்டினரே நின்றனர்.

உதவி தேவைப்படுபவர் பொதுவாகக் கூவுவதைவிடக் குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டி அழைப்பது பயன் தரும் என உளவியலாளர் இராபர்ட் சியால்டினி பரிந்துரைக்கிறார். "யாராவது வாங்க" என்பதைவிட, "நீலச் சட்டை அண்ணா, 108-க்குப் போன் பண்ணுங்க" என்பது இரண்டாம், மூன்றாம், நான்காம் படிகளை ஒரே நேரத்தில் கடக்கச் செய்கிறது. ஆபத்து என்பது உறுதியாகிறது, பொறுப்பு ஒருவருடையதாகிறது, செய்ய வேண்டியதும் தெரிந்துவிடுகிறது. கூட்டத்தில் நிற்பவரும் இவ்வாறே மற்றவர்களுக்கு வேலையைப் பிரித்துத் தரலாம்.

சாலை விபத்தைக் காண்பவர் செய்யக்கூடியவை:

- வேறொருவர் அழைத்திருப்பார் என எண்ணாமல் 108 அல்லது 112 எண்ணை அழைத்து, இடத்தைத் தெளிவாகக் கூறுதல்.
- வருகின்ற வண்டிகளை எச்சரித்தல்.
- குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல்.
- தீ போன்ற உடனடி ஆபத்து இல்லாதபொழுது, கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை இழுத்துத் தூக்காதிருத்தல்.
- நினைவிழந்தவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதிருத்தல்.
- படம் எடுப்பதற்காகச் சூழ்ந்து நின்று காற்றையும் வழியையும் மறைக்காதிருத்தல்.

ஆயுதத் தாக்குதலின்போது நேரடியாகக் குறுக்கிடுவது ஆபத்தானது. பாதுகாப்பான தொலைவில் இருந்து காவல்துறையை அழைத்தல், பலருடன் சேர்ந்து உரக்கக் குரல் எழுப்புதல், தாக்கியவர் அகன்றவுடன் காயமுற்றவரை அணுகுதல் ஆகியவை இயலக்கூடியன. நியூயார்க்கில் 1964 இல் முதல் தாக்குதலை நிறுத்தியது, சன்னலில் இருந்து எழுந்த ஒரு குரலே.

இவற்றையும் பார்க்க

- சமூக உளவியல்
- முதலுதவி
- 108 அவசர ஊர்திச் சேவை
- மோட்டார் வாகனச் சட்டம்
- பண்ருட்டி
- நெய்வேலி